ஒரே முதலாளி, இரண்டு கார்கள்

லேசான ஸ்போர்ட்ஸ் காரும் சூப்பர் காரும் பார்வைக்கு ஒரே குடும்பம்போலத் தெரியும். தரையோடு ஒட்டிய உடல், இரண்டே இருக்கைகள், பெரும்பாலும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின். ஆனால் வேகத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன. சூப்பர் கார் எஞ்சினின் வலுவைக் கூட்டுகிறது. லேசான கார் அந்த எஞ்சின் இழுக்க வேண்டிய சுமையைக் குறைக்கிறது. இந்த இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க 1990-களின் நடுப்பகுதி தோதான காலம். இரண்டு வகைக்கும் முன்மாதிரியாகக் காட்டத்தக்க கார்கள் அப்போது ஒரே மனிதரின் நிறுவனங்களில் உருவாயின.

அவர் ரோமானோ ஆர்த்தியோலி என்ற இத்தாலியத் தொழிலதிபர். பிரான்ஸின் மோல்ஷைம் நகரில் எத்தோரே புகாட்டி தொடங்கி, அவர் காலத்துக்குப் பிறகு நொடித்துப்போன புகாட்டி என்ற பெயரை 1987-இல் வாங்கி, இத்தாலியின் மொதேனா நகருக்கு அருகே காம்போகல்லியானோவில் அதற்குப் புதிய தொழிற்சாலை கட்டினார். அங்கே உருவான புகாட்டி இபி110, எத்தோரேயின் 110-ஆவது பிறந்தநாளான 1991 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் அறிமுகமானது. இரண்டு ஆண்டு கழித்து, 1993-இல், ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தையும் அவர் வாங்கினார். லோட்டஸ் தொழிற்சாலை நார்ஃபோக் வட்டாரத்தின் ஹெதெல் கிராமத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் ஒன்றில் இருக்கிறது. பழைய ஓடுபாதைகளைத்தான் சோதனைத் தடமாக வைத்திருக்கிறார்கள். அங்கே பிறந்த புதிய காருக்கு ஆர்த்தியோலியின் பேத்தி எலிசாவின் பெயரைத் தழுவி எலீஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அது முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்தது. அதே மாதத்தில் காம்போகல்லியானோவில் புகாட்டி திவாலாகிக் கதவைச் சாத்தியது.

இபி110 அந்தக் காலத்துப் பொறியியல் தரக்கூடியதையெல்லாம் ஒரே உடலுக்குள் சேர்த்த கார். 3.5 லிட்டர் கொள்ளளவு, வி வடிவில் 12 சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு என மொத்தம் 60 வால்வுகள், நான்கு டர்போக்கள். இவை எல்லாம் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 560 குதிரைத்திறன். அவ்வளவையும் பின் சக்கரங்கள் இரண்டில் மட்டும் ஏற்றினால் டயர் சுழன்று புகைதான் வரும் என்பதால் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறது. காரின் கூடு கார்பன் ஃபைபரால் ஆனது. அதைச் செய்துகொடுத்தது பிரெஞ்சு விமானத் தயாரிப்பு நிறுவனமான ஏரோஸ்பேசியல். மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். சாதாரண இபி110-இன் எடை ஏறத்தாழ 1,600 கிலோ.

இந்த எடைதான் யோசிக்க வைப்பது. கூடு கார்பன் ஃபைபர். இரும்புக் கூட்டைவிட மிக லேசானது. அப்படியிருந்தும் 1,600 கிலோ எப்படி வந்தது? ஒரு பாகம் இன்னொரு பாகத்தைக் கூப்பிடுவதால் வந்தது. நான்கு டர்போ வைத்தால் அவை அழுத்திச் சூடாக்கும் காற்றைக் குளிர்விக்கத் தனிக் கருவிகள் வேண்டும். விசை கூடினால் கியர்ப்பெட்டி தடிக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கும் விசை போக வேண்டுமென்றால் ஒரு தண்டும், முன்பக்கம் இன்னொரு டிஃபரன்ஷியலும் சேரும். பெரிய எஞ்சின் அதிகம் குடிப்பதால் டேங்கும் பெரிதாகும். இவ்வளவு சுமையை நிறுத்தப் பெரிய பிரேக், அந்தப் பிரேக்கை உள்ளே வைக்கப் பெரிய சக்கரம், சக்கரத்துக்கு ஏற்ற அகல டயர். இபி110-இன் பின் டயர் ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் அகலம். கடைசியில், இத்தனை விலை கொடுப்பவர் தகரத் தரையில் கால் வைக்க மாட்டார் என்று தோலும் குளிர்சாதனமும் உள்ளே வந்துவிடும். இதில் எதையும் வீண் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் முன்னதால் கட்டாயமாகிறது.

எலீஸில் இதே சங்கிலி தலைகீழாக ஓடுகிறது. அதன் எடை சுமார் 725 கிலோ, இபி110-இல் பாதிகூட இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிய மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். எஞ்சின் லோட்டஸ் சொந்தமாகச் செய்ததுகூட இல்லை. ரோவர் நிறுவனம் குடும்பக் கார்களுக்காகச் செய்த 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் பின்னால் வைத்தார்கள். டர்போ கிடையாது, 120 குதிரைத்திறன்தான். ஆனால் அந்த எஞ்சின் முழுக்க அலுமினியத்தால் ஆன லேசான எஞ்சின். அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

எலீஸின் உண்மையான புதுமை சேசிஸில் இருக்கிறது. ரிச்சர்ட் ராக்கம் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்த அடிச்சட்டத்தின் எடை 68 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஜன்னல் சட்டங்களுக்கு அலுமினியத்தை அச்சுத் துளை வழியாகப் பிதுக்கி நீள நீளமாக எடுப்பார்களே, அதே முறையில் எடுத்த உள்ளீடற்ற குழல்களை வெட்டிச் சேர்த்ததுதான் அது. குழலின் சுவர் பல இடங்களில் ஒன்றரை மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய அலுமினியத்தை வெல்டிங் செய்தால் சூட்டில் நெளியும். இணைப்பை ஒட்டிய பகுதி வலுவும் இழக்கும். அதை ஈடுகட்டச் சுவரைத் தடிப்பாக்கினால் எடை ஏறிவிடும். எனவே ராக்கம் வெல்டிங்கையே விட்டார். குழல்களை எபாக்சி பசையால் ஒட்டி, சூட்டடுப்பில் வைத்து இறுக வைத்தார்கள். பசை இழுவிசையையும் சறுக்கு விசையையும் நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிந்து வருவதைத்தான் தாங்காது. அதற்காக மூட்டுகளில் ஆங்காங்கே ரிவிட் போன்ற பிணைப்புகளை அடித்தார்கள். சாலையில் ஓடும் காரை இப்படிப் பசையால் ஒட்டி விற்பது அன்றைக்குத் துணிச்சலான காரியம்.

இந்த அடிச்சட்டத்தின் பக்கவாட்டு உத்தரங்கள் உயரமும் அகலமுமானவை. கார் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பது அவற்றால்தான். அதனால்தான் எலீஸுக்குள் ஏறுவதற்குக் கொஞ்சம் உடற்பயிற்சி வேண்டியிருக்கிறது. கேன்வாஸ் கூரையைப் போட்டிருந்தால் ஒரு காலை உள்ளே விட்டு, இருக்கையில் சரிந்து, மறு காலை மடக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். நடுவயதுக்காரர்கள் இதைப் பலர் பார்க்கச் செய்ய விரும்புவதில்லை. உள்ளே உட்கார்ந்தால் கண்ணில் படுவது வெறும் அலுமினியம். தரையில் கம்பளம் இல்லை. காலடியில் உள்ள பெடல்களும் அதே பிதுக்கு முறையில் எடுத்த அலுமினியத் துண்டுகளே. ஜன்னல் கண்ணாடியைக் கைப்பிடி சுற்றித்தான் இறக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. முன் டயர் 185 மில்லிமீட்டர் அகலம், ஒரு சாதாரணக் குடும்பக் காரின் அளவு. சுமை குறைவு என்பதால் அவ்வளவு போதும்.

இனி கணக்குக்கு வரலாம். ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்ப்பது இத்துறையின் பழைய வழக்கம். எலீஸுக்கு 165, இபி110-க்கு 350. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எலீஸ் ஆறு விநாடி அளவில் எடுக்கிறது. இபி110 மூன்றரை விநாடி அளவில். லேசான கார் இந்தப் பந்தயத்தில் தோற்கிறது. ஆனால் குதிரைத்திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இரண்டரை விநாடியில்தான் தோற்கிறது.

உச்ச வேகத்தில் கதை வேறு. சமதளத்தில் உச்ச வேகத்தை முடிவு செய்வது எடையைவிடக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் மும்மடியாக ஏறும். வேகம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு திறன் வேண்டும். எலீஸ் 120 குதிரைத்திறனில் மணிக்கு 200 கிலோமீட்டர் போகிறது. அதே அளவு காற்றுத் தடை உள்ள ஒரு கார் 342 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் மும்மடிக் கணக்கில் 600 குதிரைத்திறன் வரும். இபி110-இடம் இருந்தது 560. கணக்கு அவ்வளவு நெருக்கமாக இடிக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போன பிறகு புகாட்டி 2005-இல் கொண்டுவந்த வேய்ரானுக்கும் இதே விதிதான். அது 407 கிலோமீட்டர் போக 1,001 குதிரைத்திறன் தேவைப்பட்டது. பழைய காரைவிட 65 கிலோமீட்டர் கூடுதலாக ஓட 440 குதிரைத்திறன் கூடுதல் செலவு! அந்த எஞ்சின் வெளிவிடும் சூட்டைத் தணிக்க வேய்ரானில் பத்து ரேடியேட்டர்கள். எடை 1,900 கிலோவை ஒட்டி வந்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கீழே இறக்கினால் இன்னொன்று தெரியும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் சீராக ஓட இரண்டு காருக்கும் தேவைப்படுவது இருபது குதிரைத்திறனைச் சுற்றியே. மிச்சமுள்ள 540-ஐ இபி110 வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலைக்கோ பந்தயத் தடத்துக்கோ எடுத்துப் போக வேண்டும். சூப்பர் காரின் திறமை உண்மையானதுதான், ஆனால் அதைக் காட்ட இடம் கிடைப்பது அரிது.

பிரேக் பிடிக்கும்போது எடையின் விலை உடனே தெரியும். ஓடும் காரில் இருக்கும் ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். காரை நிறுத்துவதென்பது அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வட்டுகளில் சூடாக மாற்றுவது. ஓட்டுபவரையும் சேர்த்துக்கொண்டால், ஒரே வேகத்திலிருந்து நிறுத்தும்போது இபி110-இன் பிரேக் எலீஸைவிட இருமடங்குக்குச் சற்று அதிகமான சூட்டை விழுங்க வேண்டும். 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இபி110-ஐயும் 200-இல் வரும் எலீஸையும் ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. எலீஸின் முதல் கார்களில் வட்டுகளே அலுமினியக் கலவையால் செய்யப்பட்டிருந்தன. அவ்வளவு லேசான வட்டு தாங்கியதே கார் லேசாக இருந்ததால்தான். பின்னாளில் வழக்கமான வார்ப்பிரும்பு வட்டுக்கு மாறினார்கள்.

வளைவில் எடை எப்படி வேலை செய்கிறது என்பது சற்று நுட்பமான விஷயம். பள்ளிக்கூட இயற்பியலின்படி எடைக்கு அங்கே வேலையே இல்லை. கார் கனமானால் வெளியே தள்ளும் விசை கூடும். டயரை அழுத்தும் எடையும் அதே அளவு கூடுவதால் பிடிமானமும் கூடி இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். ரப்பர் இந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. டயரின் மேல் சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, கொஞ்சம் குறைவாகவே கூடுகிறது. ஆகவே ஒரே டயரை இரண்டு காரில் மாட்டினால் லேசான கார்தான் வளைவில் வேகமாகப் போகும். கனமான கார் அந்தக் குறையை டயரின் அகலத்தால் ஈடுகட்டுகிறது. அகல டயருக்கு மழைநீரில் மிதந்து வழுக்கும் சுபாவம் அதிகம், மாற்றும் செலவும் அதிகம்.

இதோடு சேர்ந்தது ஸ்பிரிங். கனமான, அதிவேகக் கார் வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கியே ஆக வேண்டும். லேசான காருக்கு மென்மையான ஸ்பிரிங் போதும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொட்டபடியே ஏறி இறங்கும். வசதிகள் எதுவும் இல்லாத எலீஸ், கரடுமுரடான கிராமச் சாலையில் பல சூப்பர் கார்களைவிடப் பதமாகப் போனதற்குக் காரணம் இதுதான். ஸ்டியரிங்குக்கும் இதே நியாயம். முன் சக்கரத்தில் சுமை குறைவாக இருப்பதால் திருப்ப உதவும் கருவி எதுவும் வேண்டியதில்லை. டயர் தரையில் என்ன உணர்கிறதோ அது கலப்பில்லாமல் கைக்கு வரும்; பிடி நழுவப் போவது நழுவுமுன்பே தெரியும்.

லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் எடைக் குறைப்பைத் தொடக்கத்திலிருந்தே கொள்கையாக வைத்திருந்தார். 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டியவர் அவர். திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும் லாபம், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் லாபம் என்ற கருத்தை அவர் பெயரில் சொல்வது வழக்கம். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் இன்றும் கேட்டர்ஹாம் என்ற பெயரில் விற்கிறது. அதில் மிக லேசான வகை 440 கிலோதான். 1962-இன் லோட்டஸ் எலானை மனதில் வைத்து மஸ்தா 1989-இல் எம்எக்ஸ்-5 காரைச் செய்தது.

எத்தோரே புகாட்டியும் தொடக்கத்தில் இந்தக் கட்சிக்காரர் என்பது பலருக்கு மறந்துபோன விஷயம். பந்தயங்களை வாரிக் குவித்த அவருடைய 1924-இன் டைப் 35 ஏறத்தாழ 750 கிலோதான் எடை. எலீஸுக்குப் பக்கத்தில் நிற்கும். பெரிய பெரிய பென்ட்லி கார்களை வேகமான லாரிகள் என்று அவர் கிண்டல் செய்ததாக ஒரு கதையும் உண்டு. அவர் பெயரைத் தாங்கி வந்த வேய்ரானைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

லேசான கார் எல்லாவற்றிலும் மேல் என்று இதற்குப் பொருள் இல்லை. எலீஸின் சாமான் அறையில் ஒரு சிறு பைக்கு மேல் வைக்க இடமில்லை. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போனால் காற்றின் இரைச்சலும் எஞ்சினின் இரைச்சலும் காதில் அறையும்; மழையில் கேன்வாஸ் கூரை ஒழுகும் என்பது சொந்தக்காரர்களிடையே வழக்கமான நகைச்சுவை. ரோவர் எஞ்சினின் ஹெட் கேஸ்கட் பழுதாவது பேர்போன குறை. இபி110 அப்படியல்ல. தோல் இருக்கையில் சாய்ந்துகொண்டு மழையிலும் நான்கு சக்கரப் பிடிமானத்தோடு கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகச் செய்த கார் அது. 12 சிலிண்டரின் ஒலிக்கும் தோள் அகலத் தோற்றத்துக்கும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 1994-இல் வாங்கியதும் இபி110-இன் திறன் கூடிய வகையைத்தான்.

விலையில் ஒப்பீடே கிடையாது. எலீஸ் பிரிட்டனில் 20,000 பவுண்டுக்கும் குறைவாகவே அறிமுகமானது. இபி110-இன் விலை அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். நான்கு டர்போவில் ஒன்று பழுதானால் எதைக் கழற்றி எங்கே கை விடுவது என்பதே ஒரு தனித் தொழில். எலீஸின் எஞ்சினுக்கு ரோவர் பழுதுபார்க்கும் எந்தப் பட்டறையும் போதுமாக இருந்தது. இபி110 மொத்தம் சுமார் 140 கார்களோடு நின்றது. எலீஸோ மூன்று தலைமுறை கண்டு, 2021-இல் உற்பத்தி முடியும்போது 35,000-ஐத் தாண்டியிருந்தது. ஆர்த்தியோலி அதற்கு வெகு முன்பே லோட்டஸையும் இழந்திருந்தார். மலேசியாவின் புரோட்டான் 1996-இல் அதை வாங்கியது.

இரண்டு வழியையும் ஒரே காரில் சேர்த்தவர்களும் உண்டு. 1987-இன் ஃபெராரி எஃப்40-இல் கம்பளம் இல்லை, ரேடியோ இல்லை. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். 478 குதிரைத்திறனோடு 324 கிலோமீட்டர் போகும் சூப்பர் கார் அது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி இன்னும் தூரம் போனார். 1992-இல் வெளியான அவருடைய மெக்லாரன் எஃப்1-இல் பிஎம்டபிள்யூ செய்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், 627 குதிரைத்திறன். ஆனால் எடை 1,138 கிலோதான். டர்போ, பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ் எதுவும் இல்லை. எஞ்சின் அறையில் தங்கத் தகடு ஒட்டியிருந்தார்கள். ஆடம்பரத்துக்காக அல்ல, சூட்டைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் சிறந்தது என்பதற்காக. 1998-இல் அந்தக் கார் மணிக்கு 386 கிலோமீட்டரைத் தொட்டது. மர்ரியின் பிந்தைய டி.50, 12 சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டே ஆயிரம் கிலோவுக்குக் கீழே நிற்கிறது. எடையைக் குறைத்த சூப்பர் கார் சாத்தியம்தான். ஆனால் ஒவ்வொரு கிலோவையும் குறைக்க ஆகும் செலவால் அதன் விலை சாதாரண சூப்பர் காரையும் தாண்டிவிடுகிறது.

எலீஸின் விலையில் எலீஸின் எடையை இன்று எட்டுவது கடினம். மோதல் பாதுகாப்பு விதிகள், காற்றுப் பைகள், புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், வாங்குவோர் கேட்கும் வசதிகள் எல்லாம் எடையைச் சேர்க்கின்றன. சீனாவின் ஜீலி நிறுவனத்தின் கைக்கு 2017-இல் போன லோட்டஸின் எமிரா 1,400 கிலோவைத் தாண்டுகிறது. மின்சார எஸ்யூவியான எலெட்ரே இரண்டரை டன் அளவில் நிற்கிறது.

இதற்கிடையே எலீஸின் பசை ஒட்டிய அடிச்சட்டம் வேறு வீடுகளுக்கும் போனது. டெஸ்லா 2008-இல் விற்கத் தொடங்கிய முதல் காரான ரோட்ஸ்டர், எலீஸின் சேசிஸை மாற்றியமைத்துக் கட்டப்பட்டது; அதன் உடல் தயாரானது ஹெதெலிலேயே. அதில் பேட்டரி மட்டும் ஏறத்தாழ 450 கிலோ. அமெரிக்காவில் ஹென்னஸி நிறுவனம் இதே லோட்டஸ் குடும்பத்துச் சட்டத்தை நீட்டி, ஏழு லிட்டர், இரட்டை டர்போ, வி-8 எஞ்சினை ஏற்றி, வெனம் ஜிடி என்ற பெயரில் விற்றது. 1,244 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் 2014 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்து ஓடுபாதையில் மணிக்கு 435 கிலோமீட்டர் போனது. ஒரு திசையில் மட்டும் ஓடியதால் உலகச் சாதனையாகக் கணக்கில் ஏறவில்லை.